ஒரு குலை, நாலு வீடு: குமரி மாவட்டத்தில் விவசாயியிடம் நேராக வாங்கத் தொடங்குகிறவர்களுக்கு

"விவசாயிகிட்ட நேரா வாங்கணும்னு ஆசை, எங்க தொடங்கன்னு தெரியல" என்று யாராவது அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். தக்கலைப் பக்கம் நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து சில வருஷமாக மட்டி வாழைக் குலை, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய், அரிசி, தேன், நல்லமிளகு என்று ஏழெட்டு குடும்பங்களிடமிருந்து நேராக வாங்கிக்கொண்டிருக்கிறோம். கடை கிடையாது, சங்கம் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்குகிற பழக்கத்தோடு தோட்டத்துக்குப் போனால் இரண்டு மாதத்தில் எல்லாம் நின்றுபோகும். கடைக்காரர் அரை கிலோ நிறுத்துத் தருவார், ஆனால் வாழை அரை கிலோவாகக் காய்க்காது, குலையாகத்தான் காய்க்கும். மரச்சீனியில் ஒரு மூடு, அதாவது ஒரு செடி, பிடுங்கினால் அந்த மூட்டில் உள்ள கிழங்கு அத்தனையும் வெளியே வந்துவிடும். தென்னையில் ஆளை ஏற்றினால் ஒரே நாளில் விளை (தோட்டம்) முழுக்க வெட்டிவிடுவார்கள். விளைச்சல் வருகிற அளவில், வருகிற நேரத்தில் வாங்கிக்கொள்ள உங்கள் அடுக்களையைப் பழக்க முடியுமா என்பதுதான் கேள்வி. தனி வீட்டால் முடியாது, நாலு வீடு சேர்ந்தால் முடியும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதல் படி: ஒரே ஒரு பொருளை எடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றிவிட வேண்டும் என்று பலர் பட்டியலோடு வருகிறார்கள். வேண்டாம். நம் மாவட்டத்தில் எது நன்றாக விளைகிறதோ, எது தூரப் பயணத்துக்குத் தாங்காதோ, அதில் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் மட்டி வாழைப்பழம்தான். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழம், 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, பல்லு முளைக்காத பிள்ளைக்கும் மசித்துக் கொடுப்போம், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் தோல் மெல்லிசு, பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும், லாரியில் நாள் கணக்கில் போனால் பாதி கறுத்துவிடும். வெளியூர் வியாபாரிக்கு அது பிடிக்காத குணம். பக்கத்து ஊரில் இருக்கிற நமக்கு அது ஒரு குறையே இல்லை.

ஏத்தன் வாழையில் (நேந்திரன்) தொடங்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓணம் நெருங்கும்போது கேரளத்து வியாபாரி வந்து நல்ல விலை கேட்பார். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் விவசாயிகளுக்கு நாலு காசு மிஞ்சும். நாம் பேசிவைத்த விலையைக் காட்டி அவர்களைக் கட்டிப்போடுவது நியாயமாக இருக்காது. ஒருவரோடு ஒருவர் நன்றாகப் பழகிய பிறகு ஏத்தனுக்குப் போகலாம்.

காய்கறியும் தொடக்கத்துக்குச் சரிப்படாது. நம் கடைகளில் உள்ள காய்கறியில் பெரும்பங்கு ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து வருவது. இங்கே விளையும் வழுதலங்காய், பயறு, பாவற்காய், வெள்ளரி, தடியங்காய் எல்லாம் சின்னச் சின்ன அளவில்தான் கிடைக்கும், இந்த வாரம் உண்டு, அடுத்த வாரம் இல்லை. குலை வாங்கப் போகிற வீட்டில் இரண்டு தடியங்காய் கிடந்தால் வாங்கி வாருங்கள், அப்படித்தான் காய்கறி தானாக உள்ளே வரும்.

இரண்டாம் படி: ஆளைக் கண்டுபிடிப்பது

நாகர்கோவில்காரர்களுக்கு வடசேரி உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்கிற இடம், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். விடிந்ததும் போங்கள், வெயில் ஏறினால் பேச நேரம் இருக்காது. முதல் நாள் சும்மா வாங்குங்கள். இரண்டாம் தடவையும் அதே ஆளிடம் போங்கள். மூன்றாம் தடவை "உங்க விளை எங்க அண்ணாச்சி, ஒருநாள் வந்து பாக்கட்டா?" என்று கேளுங்கள். யாருமே எங்களிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு வழி இன்னும் சுலபம். தேங்காய் வெட்டுகிறவருக்கு ஊரில் யார் விளையில் என்ன நிற்கிறது என்பது முழுக்கத் தெரியும், அவரைக் கேளுங்கள். பால் கொண்டுவருகிறவர்களைக் கேளுங்கள், மாடு வைத்திருப்பவர்கள் சாணத்தைத் தங்கள் வாழைக்குத்தான் போடுவார்கள். ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நடக்கும்போது ஏலத்துக்கு வருகிற குலையையும் கிழங்கையும் பார்த்து, யார் கொண்டுவந்தது என்று விசாரியுங்கள். ஆண்டவருக்கு என்று கொண்டுவருவது அவர்கள் விளையில் முதல் தரமானதாக இருக்கும், அங்கேயே பேச்சைத் தொடங்கலாம். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன, பயிற்சிக்கு வந்துபோகிற விவசாயிகளை அங்கே இருப்பவர்கள் அறிவார்கள்.

மூன்றாம் படி: விளைக்குப் போய் என்ன கேட்பது

"இது இயற்கை விவசாயமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்ற பதில்தான் வரும், வந்தாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அதற்குப் பதிலாக, கடைசியாக என்ன உரம் வைத்தீர்கள், கூன்வண்டு வந்தால் என்ன செய்வீர்கள், குருணை மருந்து போட்டீர்களா, மருந்து அடித்துவிட்டு எத்தனை நாள் கழித்து வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். விவரமாகக் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். நாங்கள் மட்டி வாங்கும் ஒரு அண்ணன் முதல் நாளே "கொஞ்சம் யூரியா போடுவேன், குருணை போடமாட்டேன், சாணம் வருஷத்துக்கு ரெண்டு தடவை" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னதற்காகவே அவரிடம் வாங்குகிறோம். போன வருஷம் யூரியாவையும் பாதியாகக் குறைத்திருக்கிறார், நாங்கள் கேட்காமலே.

சான்றிதழ்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். பி.ஜி.எஸ். இந்தியா என்ற முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் போய்ப் பார்த்து உறுதி சொல்வார்கள். ஏற்றுமதிக்குத் தேவைப்படுகிற பெரிய சான்றிதழைவிடச் செலவு மிகக் குறைவு. குழு இருந்தால் நல்லது, கேட்டுப் பாருங்கள். ஆனால் முப்பது சென்ட் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய நிலத்தில்) விவசாயம் பார்க்கிற வீட்டில் காகிதம் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் நேரில் போய்ப் பார்க்கிற தூரத்தில் அவர்கள் இருக்கிறார்கள், அந்த வாய்ப்பு எந்தக் காகிதத்தையும்விடப் பெரிது என்று நான் நம்புகிறேன். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை போய்வந்தாலே மண் எப்படி இருக்கிறது என்று உங்கள் காலுக்கே தெரியும்.

நான்காம் படி: வீடுகளைச் சேர்ப்பது

இங்கேதான் நான் பெரிய தப்பு பண்ணினேன். தொடங்கிய புதிதில் மரச்சீனிக்கு ஆள் சேர்த்தேன். பத்து வீடு "எனக்கு ரெண்டு கிலோ", "எனக்கு மூணு கிலோ" என்று எழுதினார்கள். அதை நம்பி முப்பது கிலோ சொல்லிவிட்டேன், அந்த அக்கா விடியக்காலையில் பிடுங்கி மண் தட்டிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். வந்து எடுத்தது மூன்று வீடு. மரச்சீனி மண்ணுக்குள் இருக்கும்வரை பத்திரம், பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீல நரம்பு ஓடிக் கறுத்துவிடும். மீதியை நான் விலை கொடுத்து எடுத்து அக்கம்பக்கம் கொடுத்தேன், அப்படியும் கொஞ்சம் அழுகிப்போனது. பிடுங்கிய கிழங்கைத் திரும்ப நட முடியாது என்று அந்த அக்கா சொன்னதை நான் மறக்கவே இல்லை.

அதிலிருந்து எங்களுக்கு ஒரே ஒரு கட்டாய விதி: பணம் வந்த பிறகுதான் எண்ணிக்கை. வியாழன் இரவு ஒன்பது மணிக்குள் கூகுள் பேயில் பணம் போட்டவர் பெயர் மட்டும் நோட்டில் ஏறும், வெள்ளிக்கிழமை காலை விவசாயிக்குச் சொல்வோம், சனிக்கிழமை எடுப்போம். வர முடியாவிட்டால் உங்கள் பங்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பணம் திரும்பாது. கேட்கக் கடுமையாக இருக்கும். இந்த விதி வந்தபிறகுதான் எங்களுக்குள் சண்டை நின்றது.

நாலு வீட்டில் தொடங்குங்கள், சொந்தக்காரர்களாகவோ ஒரே தெருவிலோ இருந்தால் நல்லது. பன்னிரண்டுக்கு மேல் நாங்கள் சேர்க்கவில்லை. பதிமூன்றாவதாக வந்தவரிடம், நீங்களே இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள், விவசாயியை நாங்கள் காட்டித் தருகிறோம் என்று சொன்னோம். இப்போது அந்தக் குழு குலசேகரம் பக்கம் நன்றாக நடக்கிறது.

ஐந்தாம் படி: விலை

நாங்கள் செய்வது இது. உதாரணத்துக்கு, வியாபாரி தோட்டத்தில் கிலோ 30 ரூபாய்க்கு எடுக்கிறார், கடையில் அதே பழம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 45 கொடுக்கிறோம். அந்த விலையை மூன்று மாதத்துக்கு மாற்றுவதில்லை. சந்தையில் இறங்கினாலும் அதே விலை, ஏறினாலும் அதே விலை. மூன்று மாதம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம், கட்டன் சாயா குடித்துக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பேரம் பேசத் தெரிந்தவர்களை அந்த நாளில் கூட்டிப்போகாதீர்கள்.

குலையை நிறுக்கும்போது தண்டுக்கு எடை கழிப்பதா இல்லையா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் வருத்தம் வருவது இந்த இடத்தில்தான். நாங்கள் தண்டோடு நிறுத்துவிட்டு, கிலோ விலையை அதற்கேற்பக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம். அப்புறம் பணம், எடுக்கிற அன்றைக்கே, முழுசாக. சரக்கை ஏற்றிவிட்டுப் பணத்துக்கு வாரக்கணக்கில் அலைந்த அனுபவம் அவர்கள் எல்லோருக்கும் உண்டு. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பதைவிட அன்றைக்கே கொடுப்பதை அவர்கள் பெரிதாக நினைக்கிறார்கள்.

ஆறாம் படி: குலையைப் பிரிப்பது

தூரத்துச் சந்தைக்குப் போகும் குலையை முற்றும் முன்பே வெட்டுவார்கள், வழியில் பழுக்கக் கூடாது என்று. நமக்கு அந்த அவசரம் இல்லை. காயின் விளிம்பு மழுங்கி உருண்டு வரட்டும், முதல் சீப்பில் ஒரு காய் மஞ்சள் தட்டினாலும் பரவாயில்லை, அதுவரை மரத்தில் நிற்கட்டும் என்று சொல்லிவையுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, நமக்கு அது தேவையும் இல்லை. வீட்டில் நிழலில் குலையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், அவசரமென்றால் சாக்கைச் சுற்றுங்கள்.

குலை மேலிருந்து கீழே பழுக்கும். மேல் சீப்பில்தான் காய் பெரிசு, அதுதான் முதலில் பழுக்கும், கீழ்ச் சீப்பு சிறுத்து, நாலைந்து நாள் பிந்தும். நாலு வீடு ஒரு குலையைப் பிரிக்கும்போது மேல் சீப்பு எப்போதும் ஒரே வீட்டுக்குப் போனால் மனசில் கசப்பு சேரும். அதனால் நோட்டில் முறை எழுதுங்கள்: இந்த வாரம் மேல் சீப்பு எடுத்தவர் அடுத்த வாரம் கடைசிச் சீப்பு. மணமாகப் பழுத்த கடைசிச் சீப்பைத் தின்று பார்த்த பிறகு எங்கள் குழுவில் இரண்டு பேர் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

குலை வெட்டிய மூட்டில் வாழைத்தண்டு கிடக்கும், பூவும் சில நேரம் கிடைக்கும். கேளுங்கள், பலர் சும்மாவே தருவார்கள், ஆனாலும் ஏதாவது கொடுத்துவிட்டு எடுங்கள்.

பழகிய பிறகு: அரிசி, தேன், தேங்காய்

மூன்று நாலு மாதம் குலை வாங்கிப் பழகிவிட்டால், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மொத்தமாக வாங்குகிற பொருட்களுக்குப் போகலாம்.

நாஞ்சில் நாட்டு நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி, அறுப்பை ஒட்டித்தான் அந்தப் பெயர். சேர்த்து வைக்க நெல் வாங்குவதென்றால் கும்பப்பூவில் வாங்குங்கள். கன்னிப்பூ அறுப்பில் மழை வந்து நெல் சரியாகக் காயாமல் போவது உண்டு, மாசி, பங்குனி வெயிலில் அந்தக் கவலை குறைவு. ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் இரண்டு வெயில் போட வேண்டும். பெரும்பாலும் அம்பை 16, திருப்பதிசாரம் 5 மாதிரி ரகங்கள் கிடைக்கும், கொட்டாரச் சம்பா யாராவது வைத்திருந்தால் விடாதீர்கள். நூறு கிலோ நெல்லை அவித்துக் குத்தினால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி வரும், அவிக்கிற கூலி, மில் கூலி எல்லாம் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும். சின்ன மில்லில் குறைந்தது இத்தனை மூட்டை என்று ஒரு கணக்கு இருக்கும், முதலில் மில்காரரிடம் கேட்டுவிட்டு நெல்லுக்குச் சொல்லுங்கள். புது அரிசி குழையும், ஒரு நாலு மாதம் போகட்டும். வயலெல்லாம் மனையாகவும் தென்னந்தோப்பாகவும் மாறிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில், இன்னும் நெல் போடுகிறவரிடம் ஒரு மூட்டை வாங்குவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

தேனைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல தேனை வாங்கிவிட்டு விவசாயியைச் சந்தேகப்படுவது இதில்தான் நடக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்துளிர் வரும்போது, ஒரு காம்பில் மூன்று இலை சேருகிற இடத்தில் தேன் சுரக்கும், தேனீ அதைத்தான் எடுக்கிறது, பூவிலிருந்து இல்லை. மாசி, பங்குனியில் வரும் இந்தத் தேன் சீக்கிரமே உறைந்து வெள்ளையாக மணல் மணலாகிவிடும். சீனிப்பாகு கலந்துவிட்டார்கள் என்று உடனே போன் போடுவார்கள். அது ரப்பர் தேனின் இயல்பு. சூடுதண்ணீரில் பாட்டிலை இறக்கி வையுங்கள், இளகிவிடும், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விடுவது போன்ற சோதனைகளை நம்ப வேண்டாம், கலப்படத் தேனும் அதிலெல்லாம் தேறிவிடும். கேட்க வேண்டிய கேள்வி, தேனடையின் அறைகளைத் தேனீ மூடிய பிறகு எடுத்தீர்களா என்பது. தேனீ மெழுகால் மூடுமுன் எடுத்த தேனில் தண்ணீர் அதிகம், சில மாதத்தில் நுரைத்துப் புளிக்கும்.

தேங்காயைத் தொண்டோடு வாங்கினால் மாதக்கணக்கில் இருக்கும், உரித்து வாங்கினால் சீக்கிரம் தீர்க்க வேண்டும். நாற்பத்தைந்து நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஒரு வெட்டு வரும், ஒரு வெட்டில் இத்தனை தேங்காய் எங்களுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எண்ணெய்க்கு, கந்தகப் புகை போடாமல் வெயிலில் காய்ந்த கொப்பரையாகக் கேளுங்கள். கொப்பரை எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் எண்ணெய் வரும். நல்லமிளகு, கிராம்பு, கருப்பட்டி எல்லாம் கெடாத பொருள், அதனதன் காலத்தில் ஒரு தடவை வாங்கினால் வருஷத்துக்குப் போதும். கருப்பட்டி மட்டும், அக்கானி (பதநீர்) காய்ச்சுகிற வீட்டுக்கே போய் வாங்குங்கள், சீனி கலக்காத கருப்பட்டி கடையில் கிடைப்பது சிரமம்.

காற்றடித்தால்

இந்த மாதிரி நேராக வாங்குவதை ஜப்பானில் 1970களில் வீட்டுப் பெண்கள் சிறு விவசாயிகளோடு சேர்ந்து பெரிய அளவில் செய்தார்கள், 'தெய்கெய்' என்று அதற்குப் பெயர். 1978இல் அவர்கள் எழுதிவைத்த பத்து கொள்கைகளில் ஒன்று, விவசாயி கொண்டுவருவது முழுவதையும் வாங்கிக்கொள்வது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. பிறகு ஒரு வைகாசிக் காற்றில் எங்களுக்கு மட்டி தருகிற அண்ணன் விளையில் முப்பது வாழை சாய்ந்தது. 2017 நவம்பர் 30 ஓகி புயலில் விழுந்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, ஆனால் அந்த வீட்டுக்கு அது ஒரு வருஷ வருமானத்தில் பாதி. விளைந்ததும் விளையாததுமாகப் பச்சைக் குலைகள். வியாபாரி கேட்ட விலையைச் சொல்லவே அவர் மனைவிக்கு, எங்கள் மைனிக்கு, நா எழவில்லை.

அந்த வாரம் பன்னிரண்டு வீடும் ஆளுக்கு ஒரு குலைக்குக் குறையாமல் எடுத்தோம், பாதி விலைக்கு. பாதி முற்றியதைத் தொங்கவிட்டோம், கொஞ்சம் பழுத்தது. மற்றதெல்லாம் துவரன், எரிசேரி, புளிக்கறி, வறுவல் என்று பத்து நாளும் வாழைக்காய்தான். ருசியாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், முற்றாத மட்டிக்காய் துவர்க்கும். புதிதாகச் சேருகிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வருஷத்தில் ஒருதடவை இப்படி வரும், அன்றைக்கும் எடுக்க வேண்டும்.

கடைசிப் படி: மூடு கணக்கு

ஒரு வருஷம் ஒழுங்காக வாங்கிவிட்டால், ஒருநாள் விவசாயியே கேட்பார், "அடுத்தால எத்தன மூடு வைக்க?" என்று. அதற்குச் சும்மா ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள், அவர் நிலத்தை அந்த எண்ணுக்குத்தான் ஒதுக்கப் போகிறார். நோட்டை எடுத்துப் பாருங்கள். எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கு வாரம் மூன்று குலை போதும், திருவிழா, கல்யாண வாரத்தில் நாலு. வருஷத்துக்கு நூற்று அறுபது என்று வைத்தோம், காற்றுக்கும் வண்டுக்கும் சேர்த்து நூற்று எண்பது மூடு. ஒரே நாளில் நட்டால் ஒரே மாதத்தில் வெட்டு வந்துவிடும் என்பதால் மாதம் பதினைந்து பதினைந்தாக நடச் சொன்னோம், அதில் பாதி அண்ணனுக்கு, பாதி பக்கத்து விளைக்காரருக்கு. கன்று வாங்கவும் குழி எடுக்கவும் வீட்டுக்கு ஐநூறு ரூபாய் முன்பணம் கொடுத்தோம், குலை வெட்டத் தொடங்கியதும் விலையில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. நட்டுக் குலை வர ஏறக்குறைய ஒரு வருஷம். முதல் பதினைந்து மூடு போன மாதம் நட்டார்கள், நானும் போய் மூன்று குழிக்கு மண் தள்ளிவிட்டு வந்தேன்.